சீட்டின் மூலையில் ஒரு கையெழுத்து: பமீலா கோல்மன் ஸ்மித் (1878–1951)

கிளி ஜோதிடரின் சீட்டுக்கட்டை அறியாத நாஞ்சில் நாட்டார் இருக்க முடியாது. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டமாயினும் கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவாயினும், கூட்டம் கூடும் இடத்தின் ஓரத்தில் கூண்டோடும் சீட்டுகளோடும் ஒருவர் அமர்ந்திருக்கும் காட்சி நம்மில் பலருக்கும் பழக்கமானது. கூண்டைவிட்டு வெளிவரும் கிளி சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தள்ளி ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். உள்ளே முருகன் இருக்கலாம், மீனாட்சி இருக்கலாம், மாதாவும் இருக்கலாம். ஜோதிடர் படத்தைக் காட்டிப் பலன் சொல்வார். கேட்பவரின் கவனம் பலனில். சொல்பவரின் கவனம் தட்சிணையில். அந்தப் படத்தை வரைந்தவர் யார் என்ற கேள்வி அவ்விருவருக்கும் நடுவில் எழுவதே இல்லை.

மேற்குலகில் இதைப்போன்ற ஒரு சீட்டுக்கட்டு உண்டு. டாரட் என்பது அதன் பெயர். இன்று டாரட் என்ற சொல்லைக் கேட்டவுடன் எவர் மனத்திலும் தோன்றும் படங்கள் பெரும்பாலும் ஒரே கட்டைச் சேர்ந்தவை. 1909-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் வெளிவந்த அந்தக் கட்டு நெடுங்காலம் ‘ரைடர்–வெயிட்’ என்றே அழைக்கப்பட்டது. ரைடர் என்பது பதிப்பகத்தின் பெயர். வெயிட் என்பது அதைத் திட்டமிட்ட அறிஞரின் பெயர். 78 சீட்டுகளையும் வரைந்தவரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர் தம் பெயரைச் சீட்டிலேயே எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பி, சி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பாம்புபோல் பின்னிப் பொறித்திருந்தார். அந்த மூன்று எழுத்துக்கு உரியவரான பமீலா கோல்மன் ஸ்மித்தைப் பற்றியதே இக்கட்டுரை. சீட்டில் பலன் பலிக்குமா என்ற ஆராய்ச்சி நம் வேலை அன்று. வரைந்த கைக்கு என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

கடல்களுக்கு நடுவே ஒரு பிள்ளைப்பருவம்

பமீலா 1878 பிப்ரவரி 16-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தந்தை சார்லஸ் எட்வர்ட் ஸ்மித் வணிகத்தின் பொருட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தவர். குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி மான்செஸ்டரில் கழிந்தது. பின்னர் தந்தைக்கு ஜமைக்காவில் வேலை அமைந்தது. கரும்புத் தோட்டங்களும் அடிமை முறையின் வடுக்களும் நிறைந்த அந்தத் தீவில்தான் சிறுமி பமீலா அனான்சி கதைகளைக் கேட்டார். அனான்சி ஒரு சிலந்தி, தந்திரக்காரன், வலியவனை வாயால் வெல்பவன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிடப்பட்டு வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த சொத்து அவன். நம் தெனாலிராமனையும் பஞ்சதந்திர நரியையும் ஒன்றாகக் குழைத்தால் அவனை ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

1893-இல், 15 வயதில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிராட் கலைக்கழகத்தில் பமீலா சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஆர்தர் வெஸ்லி டோ. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளின் அழகை அமெரிக்க மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அழுத்தமான புறக்கோடு, தட்டையான வண்ணப் பரப்பு, வெற்றிடத்தைத் துணிந்து விடுதல் ஆகிய மூன்று பாடங்களையும் பமீலாவின் பிற்காலப் படங்கள் அனைத்திலும் காணலாம். உடல்நலக் குறைவாலும் குடும்பச் சூழலாலும் படிப்பு தடைபட்டது. 1896-இல் தாய் இறந்தார். 1897-இல் பட்டம் பெறாமலே பமீலா கல்லூரியை விட்டார். 1899-இன் இறுதியில் தந்தையும் மறைந்தார். 21 வயதில் தாயுமில்லை, தந்தையுமில்லை, சொத்துமில்லை. கையில் இருந்தது ஒரு தூரிகையும் நெஞ்சு நிறையக் கதைகளும்தான். இனி வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு ஆகாது. அதுவே சோறு.

நாடக அரங்கும் அச்சுக்கூடமும்

அந்த 1899-ஆம் ஆண்டே அவர் எத்தனை வேலை செய்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஜமைக்காவின் பேச்சுவழக்கிலேயே எழுதி, தாமே படமும் வரைந்த ‘அனான்சி கதைகள்’ நியூயார்க்கில் வெளிவந்தது. பழைய ஆங்கில நாட்டுப்பாடல்களுக்கான படத்தொகுப்புகள் வந்தன. புகழ்பெற்ற நடிகர்கள் ஹென்றி இர்விங், எலன் டெர்ரி இருவரையும் பற்றிய நினைவு மலர் ஒன்றும் வந்தது. அந்த நாடகத் தொடர்புதான் அவரை லண்டனுக்கு இழுத்துச் சென்றது. இர்விங்கின் லைசியம் நாடகக் குழுவோடு அவர் ஊர் ஊராகச் சென்றார். குழுவின் மேலாளராக இருந்தவர் ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்டோக்கர். எலன் டெர்ரி பமீலாவுக்கு ‘பிக்ஸி’ என்று செல்லப்பெயர் வைத்தார். காட்டுக் குறளி என்பது போன்ற பொருள் தரும் சொல் அது. நண்பர்கள் நடுவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கால வணிக ஓவியரின் பிழைப்பு என்பது ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் உத்தியோகம் அன்று. படக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்க வேண்டும். புத்தக அட்டை, நாடக உடை, வாழ்த்து அட்டை, சுவரொட்டி என எது கிடைத்தாலும் செய்ய வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு ஒரே ஒருமுறைதான் கூலி. படம் பதிப்பாளரின் கைக்குப் போய்விட்டால் அது ஆயிரம் படி விற்றாலும் லட்சம் படி விற்றாலும் வரைந்தவருக்கு மேற்கொண்டு காலணா வராது. பெண்ணாக இருந்துவிட்டால் கூலி பேசும் இடத்தில் இன்னும் ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

இந்தச் சிறையிலிருந்து தப்பப் பமீலா செய்த முயற்சி போற்றத்தக்கது. கவிஞர் யேட்ஸின் தம்பியும் ஓவியருமான ஜாக் யேட்ஸோடு 1902-இல் ‘எ பிராட் ஷீட்’ என்ற படத்தாளில் பணிபுரிந்தார். பிறகு தாமே ‘தி கிரீன் ஷீஃப்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் 13 இதழ்கள் வந்தன. படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. யேட்ஸ், ஏ.இ., சிங் போன்ற அயர்லாந்து மறுமலர்ச்சியின் பெரிய எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். சிற்றிதழ் நடத்திய அனுபவம் உள்ள தமிழர்களுக்கு மேற்கொண்டு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. பெரிய பெயர்கள் இருந்தன, சந்தா இல்லை. இதழ் நின்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. அதே பெயரில் ஒரு சிறு பதிப்பகம் நடத்திப் புத்தகங்கள் வெளியிட்டார். அவற்றுள் பெண்கள் எழுதியவை மிகுதி.

இன்னொரு தொழிலும் அவருக்குக் கை கொடுத்தது. லண்டன் வீடுகளின் வரவேற்பறைகளில் வண்ண உடை அணிந்து அமர்ந்து, ஜமைக்காவின் அனான்சி கதைகளை நடிப்போடு சொல்வார். வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கதை சொல்பவரின் குரலும் முகமும் உடலும் சேர்ந்ததுதான் கதை. பமீலாவின் படங்களில் மனிதர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்தால் இந்த அனுபவம் வீண்போகவில்லை என்பது தெரியும்.

ஸ்டீக்லிட்ஸின் சிறு கூடம்

பமீலாவுக்கு மற்றொரு வியப்பான இயல்பு இருந்தது. இசை கேட்கும்போது அவர் கண்முன் உருவங்கள் தோன்றும். பாஹ், பீத்தோவன், ஷூமான், டெபுஸ்ஸி ஆகியோரின் இசை ஒலிக்கும்போதே கை தானாக வரைந்துகொண்டு போகும். ஒரு புலனின் அனுபவம் மற்றொரு புலனில் எதிரொலிக்கும் இந்த இயல்பை இன்றைய உளவியல் நன்கு அறியும். 1908-இல் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகை இதைப்பற்றிக் கட்டுரையே வெளியிட்டது.

இந்த ஓவியங்களை நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் கண்டார். ஒளிப்படத்தைக் கலையாக நிலைநாட்டப் போராடியவர் அவர். ஐந்தாம் அவென்யூவில் 291-ஆம் எண் கட்டடத்தில் அவர் நடத்திய சிறு கூடத்தில் அதுவரை ஒளிப்படங்கள் மட்டுமே இடம்பெற்றிருந்தன. 1907 ஜனவரியில் முதன்முறையாக ஒளிப்படம் அல்லாத கலைக்கு அங்கே இடம் தரப்பட்டது. அந்த முதல் இடம் பமீலா கோல்மன் ஸ்மித்துக்குக் கிடைத்தது. கூட்டம் வந்தது, படங்கள் விற்றன. 1908, 1909 ஆண்டுகளிலும் அவருடைய ஓவியங்கள் அங்கே காட்டப்பட்டன. ரோதேனும் மத்தீஸும் அதே கூடத்துக்கு 1908-இல் வந்தார்கள். பமீலா அவர்களுக்கு முன்பே வந்துவிட்டார்.

ஆனால் ஐரோப்பிய நவீனத்துவத்தின் புயல் வீசத் தொடங்கியதும் ஸ்டீக்லிட்ஸின் நாட்டம் திசை மாறியது. கனவும் கதையும் கலந்த பமீலாவின் ஓவியம் பழைய மோஸ்தர் என்று ஒதுங்கிப்போனது. கலை வரலாற்றில் அவர் பெயர் ஓர் அடிக்குறிப்பாயிற்று. உயர்கலையின் வாசல் சாத்தப்பட்ட வேளையில்தான் அந்தச் சீட்டுக்கட்டு வேலை வந்தது.

எழுபத்தெட்டுச் சீட்டுகள்

1901-இல் பமீலா ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். யேட்ஸும் அதில் உறுப்பினர். சங்கம் உடைந்தபோது பமீலா ஆர்தர் எட்வர்ட் வெயிட் தலைமையிலான பிரிவோடு நின்றார். வெயிட் ஏராளமாகப் படித்தவர், எழுதியவர். டாரட் சீட்டுகளுக்குப் புதிய வடிவம் தரவேண்டும் என்று விரும்பிய அவர், வரையும் பொறுப்பைப் பமீலாவிடம் ஒப்படைத்தார். 1909-இன் நடுவில் சில மாதங்களுக்குள் அத்தனை படங்களும் முடிந்தன.

இதில் பமீலாவின் பங்கு எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ளச் சீட்டின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். 78-இல் 22 சீட்டுகள் பெரியவை. மூடன், மந்திரவாதி, மரணம், சூரியன் முதலிய உருவங்கள் அவற்றில் உண்டு. மீதி 56-உம் நம் சீட்டாட்டக் கட்டைப் போன்றவை. தடி, கோப்பை, வாள், காசு என நான்கு வகை. பரவலாகப் புழங்கிய பழைய கட்டுகளில் எண் சீட்டுகளில் கதை எதுவும் கிடையாது. ஏழு வாள் என்றால் ஏழு வாள்களை அடுக்கி வரைந்திருப்பார்கள், அவ்வளவுதான். பொருளை மனப்பாடம் செய்துதான் சொல்லவேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் ‘சோலா புஸ்கா’ கட்டு இதற்கு ஒரு விலக்கு. அதன் ஒளிப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. பமீலா அவற்றைக் கண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மூன்று வாள்கள் துளைத்த இதயம் இரண்டு கட்டுகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பது அதற்குச் சான்று.

பமீலா எண் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். பெரிய சீட்டுகளுக்கு வெயிட் விரிவாக அறிவுறுத்தியிருந்தார் என்றும், சிறிய சீட்டுகளில் பமீலாவின் கற்பனைக்கே பெரிதும் இடம் விட்டார் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்ட ஒருவர். பின்னால் இருளில் ஒன்பது வாள்கள். பத்துத் தடிகளை அள்ளி அணைத்துக்கொண்டு முதுகு வளைய நடக்கும் ஒருவர். பலகைமேல் அமர்ந்து உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு காசாகச் செதுக்கும் ஒரு தொழிலாளி. பனியில், விளக்கெரியும் கோவில் சாளரத்தின் கீழ், ஊன்றுகோலோடும் கந்தலோடும் கடந்து போகும் ஏழைகள் இருவர். இவற்றைப் புரிந்துகொள்ள மறைஞானம் தேவையில்லை. தூக்கம் வராத இரவும், தாங்க முடியாத சுமையும், கூலிக்காரனின் பொறுமையும், மூடிய கதவும் எந்த நாட்டாருக்கும் தெரிந்தவை. இச்சீட்டு உலகெங்கும் பரவியதற்கு இதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம். வெயிட்டின் தத்துவம் கடினமானது; பமீலாவின் படம் எளியது.

பல சீட்டுகளில் மனிதர்கள் நிற்கும் தரைக்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு ஓடுவதைக் காணலாம். பின்னணி தொங்கவிட்ட திரைச்சீலை போலவும், மனிதர்கள் மேடைமேல் நிற்பவர் போலவும் தோன்றும். லைசியம் நாடக அரங்கில் கற்ற பாடம் இங்கே வந்து அமர்ந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் 1909 நவம்பர் 19-ஆம் நாள் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரியதொரு வேலையை மிகச் சொற்பக் காசுக்கு முடித்துக் கொடுத்ததாகப் பமீலா குறிப்பிட்டார். மூலப்படங்கள் சிலவற்றை அனுப்புவதாகவும், வாங்குவோர் எவரேனும் இருக்கக்கூடும் என்றும் அதில் நம்பிக்கை தெரிவித்தார். அந்த மூலப்படங்கள் இன்று கிடைக்கவில்லை. விற்பனையில் அவருக்குப் பங்கும் வரவில்லை.

வெயிட்டை நாம் ஒரேயடியாகக் கள்வனாக்கிவிடக் கூடாது. சீட்டு வெளிவந்த மாதமே எழுதிய கட்டுரையில் அவர் ஓவியரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கூலிக்கு ஒப்புக்கொண்டவர் பமீலாவேதான். ஏமாற்றி எழுதி வாங்கியதாக எந்தச் சான்றும் இல்லை. ஆனால் பல ஆண்டுகளுக்குப்பின் தம் நினைவுகளை எழுதியபோது, கற்பனை வளமுள்ள அந்த ஓவியருக்குச் சில சீட்டுகளின் பொருளைத் தாமே ஊட்டவேண்டியிருந்தது என்ற தொனியில் வெயிட் எழுதினார். அநீதி நிகழும் விதம் பெரும்பாலும் இதுதான். எவரும் தீங்கு செய்வதில்லை. ஒரு பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்து, உதவியாளர் என்ற அளவுக்குச் சுருங்குகிறது; பிறகு அட்டைப்பெட்டியிலிருந்தே மறைகிறது.

ஒரே மாதம், இரு பெண்கள்

1909 டிசம்பர் மாதத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையில் அதே மாதம் ‘க்யூப்பி’ என்ற கொழுகொழுக் குழந்தைகள் முதன்முதலில் தோன்றின. வரைந்தவர் ரோஸ் ஓ’நீல் (1874–1944). இவரும் கூலிக்கு வரைந்தே வளர்ந்தவர். ‘பக்’ என்ற நகைச்சுவை இதழில் வேலை செய்தபோது, பெண் என்று தெரியாதிருக்கத் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டவர். க்யூப்பி புகழடைந்ததும் அவர் செய்த காரியம் பமீலா செய்யாதது. பொம்மை உருவத்துக்கு 1913-இல் காப்புரிமை பெற்றுக்கொண்டார். பொம்மை, தட்டு, அஞ்சலட்டை என்று எதில் க்யூப்பி வந்தாலும் அவருக்குப் பங்கு வந்தது. பெருஞ்செல்வரானார்.

இங்கிலாந்திலேயும் முன்மாதிரி இருந்தது. பீட்ரிக்ஸ் பாட்டரின் (1866–1943) முயல் கதையைப் பதிப்பாளர்கள் மறுத்தபோது, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு பதிப்பகம் முன்வந்தபோது உரிமத்தொகை பேசினார். அந்த வருமானத்தில் ஏரி மாவட்டத்தில் பண்ணை பண்ணையாக நிலம் வாங்கி, இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேல் நாட்டு மக்களுக்காக அறக்கட்டளையிடம் விட்டுச் சென்றார்.

இம்மூவரிடையே திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒருவர் உருவத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பயன்பாட்டை விற்றார். மற்றொருவர் உருவத்தையே விற்றார். ஆனால் இதைப் புத்திசாலித்தனம் என்ற ஒரு சொல்லால் முடித்துவிட முடியாது. பாட்டருக்குப் பின்னால் வசதியான குடும்பம் இருந்தது, காத்திருக்க முடிந்தது. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவர் பேரம் பேசுவதில்லை. ஓ’நீலும் முடிவில் செல்வத்தை இழந்தே இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்னொன்றில் பமீலாவும் ஓ’நீலும் ஒன்றுபட்டனர். இருவருமே பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்காகப் படம் வரைந்தார்கள். பமீலா லண்டனில் ‘சஃப்ரேஜ் அட்லியே’ என்ற கலைஞர் குழுவோடு சேர்ந்து பணி செய்தார்.

லிஸார்டு முனை

1911-இல் பமீலா கத்தோலிக்கரானார். அதே ஆண்டு பிராம் ஸ்டோக்கரின் கடைசி நாவலுக்குப் படம் வரைந்தார். 1913-இல் எலன் டெர்ரியின் ரஷ்ய நடன நூலுக்கு வரைந்தார். பிறகு முதல் உலகப்போர் வந்தது. அவர் வரைந்த பாணிக்கு மதிப்புப் போயிற்று, வேலைகள் குறைந்தன. போருக்குப்பின் உறவினர் வழியில் ஒரு சிறு தொகை கிடைக்க, கார்ன்வாலின் லிஸார்டு தீபகற்பத்தில் வீடு எடுத்து, ஓய்வுக்கு வரும் பாதிரியார்களுக்கு விடுதி நடத்தினார். லிஸார்டு முனை பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடி. நம் குமரிமுனை இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி. நிலம் முடியும் இடத்துக்கு மனிதர்கள் வந்து சேர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. அவருக்கு அமைந்தது ஓர் ஒதுக்கம்.

விடுதி வருமானம் தரவில்லை. பின்னர் தோழி நோரா லேக்குடன் வடகார்ன்வாலின் பியூட் என்ற கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1951 செப்டம்பர் 18-ஆம் நாள் அங்கே இறந்தார். தம் உடைமைகளைத் தோழிக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் கடன்காரர்களுக்கு ஈடுசெய்யவே அவை ஏலம் விடப்பட்டன. அவருடைய கல்லறை எது என்று அடையாளம் காட்ட ஒரு கல்கூட இல்லை.

அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப்பின், 1970களின் தொடக்கத்தில், அமெரிக்க நிறுவனம் ஒன்று அச்சீட்டுகளைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. அதன்பின் அவர் படங்கள் போகாத நாடில்லை. பெயர் மட்டும் மிக மெதுவாகத் திரும்பிவந்தது. 2009-இல் நூற்றாண்டுப் பதிப்பு ‘ஸ்மித்–வெயிட்’ என்ற பெயரோடு வந்தது. 2018-இல் அவர் வாழ்வைப் பற்றிய பெரிய நூல் வெளிவந்தது. 2022-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தொடக்ககால அமெரிக்க நவீனத்துவக் கண்காட்சியில் அவருக்கு இடமளித்தது. கல்லறையில் இல்லாத பெயர் கலைக்கூடத்தில் எழுதப்பட்டது. இந்த மீட்புக்கு உதவியது அவர் விடாமல் பொறித்த அந்தப் பாம்பு முத்திரைதான் என்பதை மறக்கக் கூடாது. கூலியில் பேரம் பேச முடியாதவர் கையெழுத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

இதே காலத்தில் நம் திருவிதாங்கூரில் இப்படியொரு பெண் வணிக ஓவியர் உருவாகக்கூடிய சூழல் இருந்ததா? ரவி வர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் சாமி படங்கள் நாஞ்சில் நாட்டுப் பூசையறைகளிலும் இடம்பிடித்தன. அவருடைய தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் தேர்ந்த ஓவியர். அவர் தீட்டிய அண்ணனின் உருவப்படம் திருவனந்தபுரம் ஓவியக்கூடத்தில் உள்ளது. ஆயினும் அண்ணனின் கலை ஊர் ஊராகச் சென்று சந்தையை அடைந்தது. தங்கையின் கலை அரண்மனைச் சுவர்களுக்குள் தங்கியது. வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராயின் மகள் சுகலதா ராவ் (1886–1969) குழந்தைகளுக்காக எழுதவும் வரையவும் முடிந்தது. வீட்டிலேயே அச்சகமும் பத்திரிகையும் இருந்தது அதற்குத் துணை.

கைவேலையை விற்றுப் பிழைத்த பெண்கள் நம்மிடம் இருக்கவே செய்தார்கள். அவர்கள் வேறு படியில் இருந்தார்கள். 1821 வாக்கில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டுமேல் மாதிரித் தாளை விரித்து, ஊசி குத்தி, நூல்சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. நாகர்கோவில் லேஸ் கடல் கடந்து விற்றது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு என்பதை மிஷன் வரலாறு பதிந்திருக்கிறது. கூலி சொற்பம், அது வாங்கித் தந்ததோ விடுதலை. இந்த ஒரு செய்தி போதும், கைவேலைக் கூலியை நாம் இளக்காரமாகப் பேசாதிருக்க. ஆனால் லேஸில் கையெழுத்திட மூலை இல்லை. எந்தப் பூவை எவள் பின்னினாள் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது.

கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) வரைந்த நாட்காட்டிப் படங்களில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. ஆகவேதான் அவர் இன்று ஆராயப்படுகிறார். பெயர் இல்லாத படத்துக்கு ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாதவருக்கு வரலாறு இல்லை. கலைஞன் தன்னை மறைத்துக்கொள்வதே பெருமை என்றொரு கொள்கை நம் மரபில் உண்டு. கோயில் சிற்பியை அதற்கு உதாரணம் காட்டுவார்கள். தானே விரும்பி மறைவது வேறு, பிறர் மறைக்க மறைவது வேறு என்பதைப் பமீலாவின் வாழ்வு நமக்கு நினைவூட்டுகிறது.

நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளில் லேஸ் மாதிரித் தாள்கள் இன்னும் சில பெட்டிகளில் கிடக்கக்கூடும். பாட்டிமார் போட்ட எம்பிராய்டரிப் படங்கள் சட்டமிட்டுத் தொங்கக்கூடும். அவற்றின் பின்புறத்தில் செய்தவரின் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அறிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.